திராட்சைக் கொடியும் குளிர் போட்ட வேலியும்

எங்கள் வீடு அயனம்பாக்கத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு செம்பருத்திச் செடி. மாசி, பங்குனி வந்துவிட்டால் அதன் கொழுந்தெல்லாம் சுருண்டு, பஞ்சை ஒட்டி வைத்தது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக்கொள்ளும். ஆயா எங்கிருந்தோ சாம்பல் கொண்டு வந்து தூவுவார். அப்பா சோப்புத் தண்ணீர் அடிப்பார். நான் வேடிக்கை பார்ப்பேன். மாவுப்பூச்சி என்று அதற்குப் பெயர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கல்லூரியில் தாவரவியல் பாடத்துக்காகப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் செம்பருத்தியில் இருக்கும் அதே இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிதான் இந்தியத் திராட்சைத் தோட்டங்களுக்கும் பெரிய எதிரி. இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் இலங்கையில் அரசாங்கப் பூச்சியியல் அறிஞராக இருந்த எர்னஸ்ட் கிரீன் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1908. இந்தியாவிலிருந்து போன மாதிரிகளை வைத்து எழுதினார். சரி, திராட்சைக்குப் பூச்சிகளால் என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அது கலிஃபோர்னியா, பிரான்ஸ், நாசிக், கம்பம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விளக்கம் முதலில். திராட்சை என்றால் நம் விவசாயிகள் அதிகம் பயப்படுவது சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும்தான். அவை காற்றிலும் ஈரத்திலும் பரவுபவை, அவற்றுக்குப் பூச்சி தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு வகை. நமக்கு மலேரியாவைக் கொசு கொண்டு வருவது போல, ஒரு கொடியின் சாற்றைக் குடித்த பூச்சி அடுத்த கொடிக்குக் கிருமியைக் கொண்டு போகிறதே, அந்த வகை.

அனாஹைம் கதை

அனாஹைம் என்றால் இன்று எல்லோருக்கும் டிஸ்னிலேண்ட்தான் ஞாபகம் வரும். அந்த ஊரே திராட்சைக்காக உண்டாக்கப்பட்டது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1857ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஜெர்மானியர்கள் கூட்டாகப் பணம் போட்டு, தெற்கு கலிஃபோர்னியாவில் சாண்டா அனா ஆற்றுப் பக்கம் நிலம் வாங்கினார்கள். ஆற்றின் பெயரிலிருந்து 'அனா'வை எடுத்து, வீடு என்று பொருள்படும் 'ஹைம்' என்ற ஜெர்மன் சொல்லைச் சேர்த்து ஊருக்குப் பெயர் வைத்தார்கள். நட்டது 'மிஷன்' திராட்சை. ஸ்பானியப் பாதிரிமார்கள் பூசைக்கான ஒயினுக்காகக் கொண்டு வந்த ரகம் அது. (நம் ஊரிலும் பாதிரியார் கதை ஒன்று உண்டு, பின்னால் வருகிறது.) இருபத்தைந்து ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் முக்கியமான ஒயின் ஊர்களில் ஒன்றாகிவிட்டது.

1884 வாக்கில் கொடிகளின் இலை ஓரங்கள் தீய்ந்தது போலக் காய ஆரம்பித்தன. பழம் முற்றுவதற்குள் வதங்கியது. அடுத்த ஆண்டு கொடியே செத்தது. தண்ணீர் போதவில்லை என்றார்கள், தண்ணீர் அதிகம் என்றார்கள், மண்ணில் ஏதோ என்றார்கள். தண்ணீர் அதிகம் என்று சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. 1883-84 மழைக்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 970 மி.மீ. மழை கொட்டியது. அந்த நகரத்தின் பதிவுகளிலேயே அதுதான் மிக அதிகம். அந்த மழையில் ஆற்றோரப் புதர்களும் புல்லும் செழித்து, அவற்றில் வாழும் பூச்சிகளும் பெருகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று யாருக்கும் பூச்சி மேல் சந்தேகம் வரவில்லை.

1889ல் அமெரிக்க விவசாயத் துறை நியூட்டன் பியர்ஸ் என்பவரை அனுப்பியது. மனிதர் தோட்டம் தோட்டமாக அலைந்தார். இதே போல் அங்கே இருக்கிறதா என்று பார்க்க ஐரோப்பாவுக்கும் போய் வந்தார். 1892ல் அறிக்கை வெளியிட்டார். நோயின் அடையாளங்கள் அத்தனையும் அதில் துல்லியமாக இருந்தன. பாக்டீரியாவாக இருக்கலாம் என்றும் ஊகித்தார், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அதற்குள் தெற்கு கலிஃபோர்னியாவில் சுமார் 35,000 ஏக்கர் திராட்சை அழிந்திருந்தது. விவசாயிகள் ஆரஞ்சுக்கு மாறினார்கள். பின்னால் அந்த ஆரஞ்சுத் தோட்டங்களை வெட்டித்தான் 1955ல் டிஸ்னிலேண்ட் கட்டினார்கள்!

நோய்க்குப் பியர்ஸ் பெயர் நிலைத்தது. காரணம் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1940களில் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் சில தத்துப்பூச்சிகள்தான் இதைப் பரப்புகின்றன என்று காட்டினார்கள். ஆனால் பரப்பப்படுவது வைரஸ் என்று நம்பினார்கள். 1973ல்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரிந்தது. 1987ல் அதற்கு சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்று பெயர் வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் சைலம், ஃபுளோயம் என்று படித்தோமே, அந்த சைலத்தில், அதாவது வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாயில் குடியிருப்பதால் இந்தப் பெயர். குழாய் அடைத்துக்கொள்கிறது, இலை தாகத்தில் காய்கிறது. தண்ணீர் போதவில்லை என்று சொன்ன அனாஹைம் விவசாயிகள் ஒரு விதத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொடிக்கு உள்ளே போதவில்லை!

குளிர் என்ன செய்தது?

இந்த நோய் அமெரிக்காவின் தென்கிழக்கில் ஃபுளோரிடா பக்கம் எங்கும் உண்டு. அதனால்தான் அங்கே ஐரோப்பியத் திராட்சை எப்போதுமே வளரவில்லை. வடக்கே நியூயார்க் மாநிலத்தில் நோய் நிற்கவில்லை. ஏன்? 1970களில் கலிஃபோர்னியாவில் அலெக்சாண்டர் பர்செல் என்ற விஞ்ஞானி நோயுற்ற கொடிகளைக் கடும் குளிரில் வைத்துப் பார்த்தார். வசந்தத்தில் பல கொடிகள் நோயில்லாமல் துளிர்த்தன. குளிரில் கொடி உறங்கும்போது உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துப்போகிறது. கோடைக் கடைசியில் நுனியில் தொற்றியிருந்தால் கவாத்தில் அந்த நுனியும் போய்விடும். ஆக, ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு சலவை மாதிரி.

மருந்தும் சட்டமும் செய்யாததை இத்தனை நாள் பனி செய்துகொண்டிருந்தது. நோயின் வட எல்லை என்று வரைபடத்தில் போட்டிருக்கும் கோடு, உண்மையில் குளிரின் தென் எல்லை. குளிர்காலம் மிதமானால் அந்தக் கோடு வடக்கே நகரத்தான் செய்யும். 1990களில் டெக்சாஸில் மிதமான குளிர்காலங்கள் தொடர்ந்து வந்தபோது, அதுவரை பத்திரம் என்று நம்பிய மேட்டு நிலத் தோட்டங்கள் நோயில் போயின. வட கரோலினாவிலும் மலையை நோக்கி ஆபத்து ஏறுவதை ஆய்வாளர்கள் வெப்பநிலைப் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள்.

பூச்சிக்கும் இதே கணக்குதான். தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி ஒன்று 1990 வாக்கில் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தது. பெரும்பாலும் நாற்றுச் செடிகளில் ஒட்டிய முட்டையாகத்தான் வந்திருக்க வேண்டும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது சாப்பிடுவதையே நிறுத்திவிடும், ஆனால் தெற்கு கலிஃபோர்னியாவில் அந்தக் கஷ்டம் அதற்கு அதிகம் இல்லை. ஆரஞ்சு மரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கோடையில் பக்கத்துத் திராட்சைக்குப் பறக்கும். உள்ளூர்த் தத்துப்பூச்சிகள் இளம் தளிரைக் குத்தும். இது தடித்த தண்டையே குத்தும். அதனால் கவாத்தில் நோய் போகாது. 1999ல் டெமெக்யுலா பள்ளத்தாக்கில் தோட்டங்கள் சரிந்தன. திராட்சையைத் துரத்திவிட்டு வந்த ஆரஞ்சே திராட்சையின் எதிரிக்கு விடுதியானதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்தக் கிருமி ஐரோப்பாவுக்கும் போய்விட்டது. 2013ல் இத்தாலியின் தெற்குக் கோடியில் ஆலிவ் மரங்கள் காய்ந்தபோது அங்கே சைலெல்லா இருப்பது தெரிந்தது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பியர்ஸ் நோயே திராட்சையில் கிடைத்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பாதாம் ஒட்டுக்கட்டைகளில் 1993 வாக்கிலேயே அது தீவுக்குள் வந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. 2024ல் இத்தாலியின் பாரி பகுதியிலும் திராட்சையைத் தாக்கும் வகை கண்டுபிடிக்கப்பட்டது.

பிரான்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்சீரா என்ற வேர்ப் பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தது பலருக்கும் தெரியும். அதற்கு மருந்தாக அமெரிக்கக் கொடிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள். அப்படி வந்த கொடிகளின் பட்டைக்கடியில் முட்டையாக ஒரு அமெரிக்கத் தத்துப்பூச்சியும் வந்தது என்று கருதுகிறார்கள். 1949ல் தென்மேற்கில் அர்மஞாக் பகுதியில் கொடிகள் தங்க நிறத்தில் மஞ்சளாகி வாட ஆரம்பித்தன. பாக்கோ என்ற ஒட்டு ரகம்தான் முதலில் மாட்டியது. ஃபைலாக்சீராவுக்குத் தப்பிக்க உருவாக்கிய ரகம் அது! இந்தப் பூச்சி ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான், அதுவும் திராட்சையில்தான் வாழும். முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட நீண்ட கோடை வேண்டும். வடக்கே கோடை நீள நீள, அதற்கும் இடம் நீள்கிறது. 2000களில் ஆஸ்திரியா, ஹங்கேரி வரை போய்விட்டது. பிரான்சில் நோய்ப் பகுதிகளில் மருந்தடிப்பது சட்டப்படி கட்டாயம். பர்கண்டியில் இயற்கை முறை விவசாயி ஒருவர் 2013ல் அடிக்க மறுத்தார். 2014ல் நீதிமன்றம் அபராதம் போட்டது. அதே ஆண்டின் கடைசியில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். அவர் பக்கமா, மருந்தடித்த அண்டை வீட்டுக்காரர் பக்கமா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். எல்லாக் கதையிலும் கிருமியையோ பூச்சியையோ ஊர் விட்டு ஊர் கொண்டு போனது மனிதன்தான். கப்பலில், நாற்றில், ஒட்டுக்கட்டையில். வந்த விருந்தாளி தங்குமா போகுமா என்பதைத்தான் தட்பவெப்பம் முடிவு செய்திருக்கிறது. 'எல்லாம் பருவநிலை மாற்றத்தால்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது பாதி உண்மை.

கம்பத்தில் குளிர்காலம் ஏது?

நம் ஊருக்கு வருவோம். கோயம்பேட்டில் கூடை கூடையாக வரும் கறுப்புப் பன்னீர் திராட்சை பெரும்பாலும் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான் அது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். (சொன்னேன் இல்லையா!) கம்பம், சின்னமனூர், சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பந்தல் பந்தலாக இருக்கிறது. 1895ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு தண்ணீர் கண்ட பூமி. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கம்பத்தின் பெருமையே ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதுதான். பிரான்சில் கொடி நான்கைந்து மாதம் இலையுதிர்த்து உறங்கும். கம்பத்தில் உறக்கமே கிடையாது. விவசாயி கவாத்து செய்தால் அதுதான் கொடிக்கு வசந்தம். இந்தத் தோட்டத்தில் பழம் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் தளிர் விடும். நமக்கு எப்போதும் பழம், பூச்சிக்கும் எப்போதும் சாப்பாடு!

அமெரிக்காவும் ஐரோப்பாவும் எந்த வேலி சரிந்துகொண்டிருக்கிறது என்று கவலைப்படுகிறதோ, அந்த வேலி நமக்கு முதலிலிருந்தே இல்லை. அப்படியானால் நம் கொடிகளை இத்தனை நாள் காப்பாற்றியது எது? நான் படித்தவரை மூன்று. நோயின் கிருமி இன்னும் அதிகம் வந்து சேராதது. மழை. எதிரிப் பூச்சிகள்.

கிருமியை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கத் திராட்சையைத் தாக்கும் இலைச்சுருள் நோய் ஒரு வைரஸ் நோய். கறுப்பு, சிவப்பு ரகங்களில் இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். கொடி சாகாது. ஆனால் பழம் பழுக்கத் தாமதமாகும், இனிப்பு குறையும், மகசூல் குறையும். சாகாததால் யாரும் பிடுங்குவதில்லை, அதுதான் ஆபத்து. இதை மாவுப்பூச்சி இனங்கள் பரப்புகின்றன என்பது 1980களின் கடைசியில்தான் சோதனைகளில் உறுதியானது. 2010களில் டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் மகாராஷ்டிரக் கொடிகளில் இந்த வைரஸ் இருப்பதை மரபணு அளவில் உறுதி செய்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு கதையும் நடந்தது. வறட்சியும் உப்புத் தண்ணீரும் அதிகமானதால் 1990களில் 'டாக்ரிட்ஜ்' என்ற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் பழக்கம் பரவியது. வறட்சிக்கு அது சரியான பதில்தான். ஆனால் ஒட்டுக்கட்டினால் ஒரு கொடிக்கு இரண்டு தாய். இரண்டில் எதில் வைரஸ் இருந்தாலும் குழந்தைக்கு வரும். பிரான்சில் ஃபைலாக்சீராவுக்குத் தேடிய மருந்தோடு தத்துப்பூச்சி வந்தது போல, வறட்சிக்குத் தேடிய மருந்தோடு வைரஸுக்கும் ஒரு வாசல் திறக்கிறது. பருவநிலை மாறினால் பூச்சி மாறும் என்று மட்டும் நினைத்திருந்தேன். விவசாயி மாறுகிறார், அதனாலும் நோய் மாறுகிறது என்பது எனக்குப் புதிது. நாசிக்கிலிருந்து தேனிக்கு ஒரு கட்டுப் போத்து பஸ்ஸில் இரண்டு நாளில் வந்துவிடும். சான்று பெற்ற நாற்று வேண்டும் என்று கேட்பவர் எத்தனை பேர்?

அடுத்தது மழை. மாவுப்பூச்சிக்குப் பிடித்தது வறண்ட வெயில். நல்ல வெயிலில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பெண் பூச்சி 500 முட்டை வரை இடும். மழை பலமாக அடித்தால் கழுவிக்கொண்டு போகும். எங்கள் செம்பருத்தியில் மாசி, பங்குனியில் ஏறி ஐப்பசியில் காணாமல் போவது இதனால்தான். 1901லிருந்து உள்ள இந்திய வானிலைத் துறைப் பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டு 2024. வெயில் மாதங்கள் நீண்டால் மாவுப்பூச்சிக்கு ஓரிரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பம் அளவு மீறினால் பூச்சியும்தான் சாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் பூச்சி இத்தனை மடங்கு பெருகும் என்று நேர்கோடு போடுபவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக எதிரிப் பூச்சி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1898ல் காபித் தோட்டத்துச் செதில் பூச்சியை ஒழிக்க நியூபோர்ட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தார். பெயர் கிரிப்டோலீமஸ். கொண்டு வந்த வேலையை அது செய்யவில்லை, காபியை அம்போ என்று விட்டுவிட்டது. ஆனால் ஊரில் தங்கி, மாவுப்பூச்சியைத் தின்ன ஆரம்பித்தது. எண்பது, தொண்ணூறு ஆண்டு கழித்து பெங்களூர்ப் பக்கத் திராட்சைத் தோட்டங்களில் விஞ்ஞானிகள் இதை வளர்த்து விட்டு இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 1994ல் அதே மாவுப்பூச்சி கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவில் புகுந்து செம்பருத்தி வேலிகளையெல்லாம் அழித்தபோது, இந்தியாவிலிருந்து இந்த வண்டு கரீபியன் தீவுகளுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கே குடியேறி, வெளிநாட்டு வேலைக்கும் போய்விட்டது :-)

கவலை என்னவென்றால், கடும் வெயிலில் இந்த வண்டு சுணங்கிவிடும். மாவுப்பூச்சி தாங்கும் வெப்பத்தை அதைத் தின்னும் வண்டு தாங்குவதில்லை. போதாததற்கு எறும்பு வேறு, மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காகக் காவல் நின்று வண்டைத் துரத்தும். பயத்தில் அதிகம் மருந்தடித்தால் பட்டைக்கடியில் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சி பிழைத்து, வெளியே திரியும் வண்டுதான் முதலில் சாகும்.

பியர்ஸ் நோய் நம் பக்கம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2002ல் தைவானில் திராட்சையில் அது தென்பட்டது. அங்கே அதைப் பரப்பியது 'கொல்லா' என்ற பேரினத்தைச் சேர்ந்த தத்துப்பூச்சி. அந்தப் பேரினப் பூச்சிகள் நம் பக்கத்திலும் உண்டு. இலங்கையின் பெயரையே தாங்கிய 'கொல்லா சிலோனிக்கா' ஓர் உதாரணம். பரப்ப ஆள் ஏற்கெனவே இருக்கிறது, உறைபனி இல்லை. ஏதோ ஒரு பார்சல் செடியில் பாக்டீரியா வந்து இறங்கினால், கம்பம் கொடிக்குக் குளிர்காலச் சலவை கிடைக்காது. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் செடிகளைச் சோதிக்கும் அந்தச் சலிப்பான வேலைதான் நமக்கு இருக்கும் ஒரே பனிக்காலம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை செம்பருத்தியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு அசையாமல் அப்பியிருக்க, நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுத் தொங்கலோடு, வேகமாக நடந்துகொண்டிருந்தது. அது மாவுப்பூச்சி இல்லை. பொறிவண்டின் புழு. தான் தின்னும் பூச்சியைப் போலவே வேஷம் போட்டிருக்கும் என்று படத்தில் பார்த்திருந்தேன். ஆயா சாம்பல் கிண்ணத்தோடு வந்தார்.

"ஆயா, அந்தப் பெருச உட்டுடு. அது நல்ல பூச்சி."

"பூச்சியில என்னடா நல்லது கெட்டது?" என்றார். ஆனால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதில் தூவினார்.